பாட்டி கையில் இருக்கும் தழும்பு

2021 ஆடி வெள்ளிக்கும் உங்களைக் கோயில் வாசல்ல பார்க்க முடியல. போன்லதான் நலம் விசாரிச்சோம். அப்படிப் பேசும்போது நம்ம தொண்டூழியர்கள் காதில் அடிக்கடி விழுந்தது இது: "எனக்குக் கோவிட் வந்து போயிடுச்சு, உடம்புலயே எதிர்ப்புச் சக்தி இருக்கு, ஊசி எதுக்கு?" இன்னும் சிலர், "வந்தா வரட்டும், இயற்கையாவே சக்தி வந்துடும்"னாங்க.

முதலில் சொன்னதில் உண்மை இருக்கு. குணமானவங்க உடம்பு அந்தக் கிருமியை ஞாபகம் வச்சுக்கும். ஆனா அது எவ்வளவு நாள் நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஊசியும் சேர்ந்தா பாதுகாப்பு கூடும். அதனாலதான் குணமானவங்களையும் போட்டுக்கச் சொன்னாங்க.

இரண்டாவது பேச்சை எங்களால ஏத்துக்க முடியல. அந்தச் சக்தி கிடைக்கணும்னா முதல்ல நோய் வீட்டுக்குள்ள வரணும். வந்தா உங்களோட நிக்குமா? சர்க்கரை வியாதிக்காரங்க இல்லாத வீடு நம்ம ஜனத்துல எத்தனை இருக்கு?

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி நாட்டில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்று. கிள்ளான் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிகள்ல கட்டில் கிடைக்காம நாற்காலியில் உட்கார்ந்தே ஆக்ஸிஜன் வாங்கினவங்க உண்டு. கோவிட் இல்லாதவங்களுக்கும் அப்போ இதுதான் நிலைமை. அந்தச் சமயத்துல நம்ம கோயிலுக்கு மாலை கட்டித் தர்ற அக்காவோட வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. வார்டில் இடம் கிடைக்க விடிஞ்சிடுச்சு. அக்கா ராத்திரி முழுக்க வெளியில நின்னாங்க. நாங்க போன்ல ஆறுதல் சொன்னோம், வேற என்ன செய்ய முடியும்? அவர் பிழைச்சுட்டார், அம்மன் புண்ணியம். ஆனா அந்த ராத்திரி அந்த வார்டை நிரப்பினதுல, ஊசி போட்டிருந்தா வீட்டிலேயே இருந்து தேறியிருக்கக்கூடியவங்க எத்தனை பேரோ! ஊசி போட்டாலும் தொற்று வரலாம், மறைக்கல. ஆனா மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு முத்துறது ரொம்பக் குறையும்.

"தாயி பார்த்துக்குவா"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நாங்களும் அதையேதான் நம்புறோம். தோட்டத்துல இருந்த நம்ம பாட்டி தாத்தாமாரும் நம்பினாங்க. அம்மை கண்டா வேப்பிலை கட்டி, மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினாங்க. தோட்டத்து டிரசர் அம்மைக் குத்த வந்தப்போ கையையும் நீட்டினாங்க. வயசானவங்க மேல்கையைப் பாருங்க, அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். 1980ல் பெரியம்மை உலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சாங்க. அதனால மாரியம்மனுக்குக் கூட்டம் குறைஞ்சிடுச்சா என்ன?

அப்போ, இன்னும் பதியாத பெரியவங்க இருந்தா சொல்லச் சொன்னோம். மைசெஜாத்ரா தெரியலைன்னா பரவாயில்ல, நம்ம பிள்ளைங்க பதிஞ்சு தருவாங்கன்னும் சொன்னோம். கூட்டிட்டுப் போக ஆள் இல்லைன்னா காரும் அனுப்புறதா சொன்னோம்.