மோட்டார் விளக்கு ஏன் கண் சிமிட்டுகிறது?

இரவில் ஓடிக்கொண்டிருக்கும் காரில் டாஷ்போர்டு விளக்குகள் திடீரென்று மங்குகின்றன, மறுகணம் பளிச்சென்று எரிகின்றன, மீண்டும் மங்குகின்றன. கார்ச் சொந்தக்காரர் மறுநாள் காலை பட்டறைக்குப் போகிறார். "பாட்டரி போயிற்று ஸார், மாற்றிவிடலாம்" என்கிறார்கள். மாற்றியாகிறது. இரண்டே நாளில் விளக்கு பழையபடி கண் சிமிட்டுகிறது. "அப்படியானால் ஆல்டர்னேட்டர்தான்!" அதுவும் மாறுகிறது. பணம் ஆயிரக்கணக்கில் கரைந்த பிறகு, யாரோ ஒரு வயதான எலெக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து, பாட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, திரும்ப இறுக்குகிறார். விளக்கு ஆடாமல் எரிகிறது.

தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற இந்த வைத்தியத்துக்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. புதுச் சாமானுக்கு 8,000 ரூபாய் கொடுக்கத் தயங்காத மனிதர், ஒரு மணி நேரம் குனிந்து கோளாறைத் தேடியவர் 500 ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கிறார். "ஒரு போல்ட்டை இறுக்கியதற்கா இவ்வளவு?" என்கிறார். தேடுகிறவனுக்குக் கூலி இல்லை, மாற்றுகிறவனுக்கு லாபம் உண்டு என்றால் பட்டறைக்காரர் எதைச் செய்வார்?

காரில் மின்சாரம் விளக்குக்கு ஒயர் வழியாகப் போகிறது. மின்சாரம் திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடம்பே. அதற்குத்தான் எர்த் என்று பெயர். அந்த இணைப்பில் துருவோ களிம்போ பிடித்தால் வழி அடைபடுகிறது. வண்டி குலுங்கும்போது ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கிறது. கடற்காற்று அடிக்கிற சென்னையிலும் தூத்துக்குடியிலும் இது இன்னும் சீக்கிரம் நேரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்தவை போன்ற வண்டிகளில், தண்ணீர் வடிந்து பல மாதங்கள் கழித்துக்கூட ஒயர் இணைப்புகளுக்குள் களிம்பு வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே எது மின்னுகிறது, எப்போது மின்னுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டாஷ்போர்டு மட்டும் மின்னி, ஹெட்லைட் நிலையாக எரிந்தால் பாட்டரியின்மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள வண்டியானால், அதை நாலைந்து முறை முழுக்கத் திருப்பிப் பார்க்கலாம். உள்ளே அழுக்குப் படிந்திருந்தால் அதிலேயே வித்தியாசம் தெரியும். இல்லாவிட்டால் மீட்டர் பலகையின் பின்னுள்ள இணைப்பையும் அதன் எர்த்தையும் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கினால் பாட்டரி முனைகள், பெரிய எர்த் ஒயர், ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். (எல்.ஈ.டி. விளக்கு செல்போன் காமிராவில் மட்டும் மின்னுவதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவது அதன் இயல்பு.)

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்கும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டு, பாட்டரியின் நெகடிவ் முனைக்கும் காரின் வெற்று இரும்புக்கும் இடையே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். சில சமயம் பாட்டரியோ ஆல்டர்னேட்டரோ உண்மையாகவே கெட்டிருப்பதும் உண்டு. அதையும் மீட்டர் சொல்லட்டும். ஊகம் சொல்ல வேண்டாம்.

பழைய பழக்கங்கள் இரண்டு இன்னும் விடவில்லை. டைனமோ பொருத்திய அந்தக் காலத்துக் கார்களில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் விளக்கு மினுக்குவது சகஜம்; அந்த வேகத்தில் டைனமோவால் போதிய மின்சாரம் தர முடியாது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியிலும் அதே விளக்கு மினுக்கினால் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிடுவது தவறு. எஞ்சின் ஓடும்போதே பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது மற்றொன்று. இன்றைய காரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் திடீரென்று ஏறி, காரின் கம்ப்யூட்டரையே பதம் பார்த்துவிடக் கூடும்.

இவற்றைவிடப் பொல்லாதது, ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவது. 10 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்து அணைந்தால் விளக்கு மட்டுமே போகும். கம்பி எரியாமல் நின்றால் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும். கூடுதல் ஹாரனுக்கும் பாட்டுப்பெட்டிக்கும் ஒயரைச் சுரண்டி முறுக்கி இணைத்த வண்டிகளில் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

பட்டறையில் பில் கேட்கும்போது, பாட்டரி எத்தனை வோல்ட் காட்டியது, எர்த்தில் எவ்வளவு இழப்பு என்ற இரண்டு எண்களையும் எழுதித் தரச் சொல்லலாம். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கலாம். அதே சமயம், எந்தச் சாமானும் மாற்றாமல் கோளாறைக் கண்டுபிடித்தவருக்கு, தேடிய கூலி என்று பில்லில் தனி வரி போட்டு, பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும்.