தெரியவில்லை என்று சொல்லுங்கள்

"அம்மி மிதிச்சு, அருந்ததி பார்த்துக் கட்டிக்கிட்டவ நான்." இந்தச் சொல்வழக்கு பெரும்பாலும் சண்டையில்தான் வெளியே வரும். ஒரு பெண் இன்னொரு பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்கு எடுக்கும் ஆயுதம் அது. நான் முறைப்படி வந்தவள், நீ அப்படி வந்தவள் அல்ல என்பதுதான் அதன் பொருள். அந்த முறையில் ஒரு பாதி கல், மறுபாதி விண்மீன். கல்லை மிதித்தது உண்மை. விண்மீனைப் பார்த்தது பொய்.

எந்தக் கல்யாண மண்டபத்திலும் இதைச் சரிபார்க்கலாம். கும்மிடிப்பூண்டி ஜி.என்.டி. சாலையோரத்து மண்டபம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மணமக்களை வாசலுக்கு அழைத்து வருகிறார்கள். மாப்பிள்ளை விரலை உயர்த்துகிறார். வீடியோக்காரர் "இன்னும் கொஞ்சம் மேலே" என்கிறார். "அருந்ததி தெரியுதாம்மா?" என்று ஐயர் கேட்கிறார். கண் கூசி நீர் கோத்த மணப்பெண் "தெரியுது" என்கிறாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுப் பந்திக்கு நகர்கிறார்கள். மனைவி என்ற தகுதியில் அவள் ஊரறியச் சொன்ன முதல் சொல் ஒரு பொய்ச்சாட்சி.

அந்த விரல் சுட்டும் இடத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் அருந்ததி ஒருபோதும் தலைக்கு மேலே வருவதில்லை. வடக்குத் திசையில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்பதுதான் அது எட்டும் அதிகபட்ச உயரம். வைகாசி முகூர்த்தமாக இருந்தால் காலை ஒன்பது மணிக்கு அது வானத்திலேயே இல்லை, அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். அதாவது மாப்பிள்ளை உண்மையாகவே அருந்ததியைக் காட்ட வேண்டுமென்றால் தரையைத்தான் காட்ட வேண்டும். தை மாதத்தில் விடிவதற்கு முன் நாலரை மணிக்கு வாசலுக்கு வந்தால் வடக்கில் பார்க்க முடியும். எத்தனை கல்யாணத்தில் அப்படி வந்து தேடியிருக்கிறார்கள்?

"இது ஒரு அடையாளம்தானே, இதற்கு ஏன் இத்தனை கோபம்?" என்று கேட்பார்கள். அடையாளம் என்றே வைத்துக்கொள்வோம். எதற்கு அடையாளம்? பழைய கிருஹ்ய சூத்திரங்களில் இந்தச் சடங்கு இரவுக்கு உரியது. பொழுது சாய்ந்து விண்மீன்கள் தெரியும்வரை காத்திருந்து, துருவனையும் அருந்ததியையும் காட்ட வேண்டும். அப்போதும் அது பெண்ணுக்கான கற்புப் பாடம்தான். ஆனாலும் அந்தப் பெண் ஒரு விண்மீனையாவது பார்த்தாள். மண்டப வாடகையும் பந்தி நேரமும் சேர்ந்து இரவைப் பகலாக்கியபோது பார்வை கழன்று விழுந்துவிட்டது, பாடம் மட்டும் மிஞ்சியது. இன்றைய சடங்கு பெண்ணுக்குக் கற்றுத்தருவது இவ்வளவுதான்: கணவன் காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும், இருக்கிறது என்று சொல்.

இந்தப் பயிற்சி வீணாவதில்லை. "அவங்க வீட்ல என்னை நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்று அம்மாவிடம் போனில் சொல்வதற்குப் பயன்படுகிறது. கன்னம் வீங்கி மருத்துவமனைக்குப் போய் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்வதற்கும் பயன்படுகிறது. இல்லாததைத் தெரிகிறது என்று சொல்லப் பழகிய வாய்க்கு, இருப்பதைத் தெரியவில்லை என்று சொல்வது கடினமா என்ன?

மாப்பிள்ளையிடம் "வசிஷ்டர் தெரிகிறாரா, அவரைப் போல நடந்துகொள்வாயா?" என்று யாரும் கேட்பதில்லை. சமஸ்கிருத தர்க்கத்தில் ஸ்தூல அருந்ததி நியாயம் என்று ஒன்று உண்டு. சிறிய அருந்ததியைக் காட்டுவதற்கு முதலில் பக்கத்திலிருக்கும் பெரிய விண்மீனைக் காட்டி, பிறகு கண்ணைச் சிறியதற்கு நகர்த்துவது. பாடம் நடத்துவதற்கு நல்ல உத்திதான். ஆனால் அடையாள அட்டையில், வங்கிப் படிவத்தில், கோயில் அர்ச்சனைச் சீட்டில் நம்மை ஊர் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான். முதலில் பெரியவர், பிறகு பக்கத்தில் மங்கலாக நாம்.

வடமொழிச் சடங்கைப் பழித்துவிட்டு, சங்ககாலம் சுத்தம் என்று தப்பிக்கவும் வழியில்லை. நம் பழம்பாடல்களில் அருந்ததிக்கு வடமீன் என்று பெயர். புறநானூற்றின் 122ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடுகிறார். உன் நாடு வேள்வி செய்யும் அந்தணருக்கு உரியது. மூவேந்தர் அனுப்பும் பொருள் இரவலருக்குப் போய்விடுகிறது. உனக்கென்று மிஞ்சுவது வடமீனை ஒத்த கற்புடைய உன் மனைவியின் தோள் மட்டுமே என்பது அதன் சாரம். வள்ளலைப் புகழும் அழகான பாட்டு. அந்தக் கணக்கை நிதானமாகப் படியுங்கள். நிலம், பொருள், மனைவி. முதல் இரண்டையும் கொடுத்துவிடலாம். மூன்றாவது கொடுக்க முடியாத சொத்து. வடமீன் அந்தச் சொத்தின் மேல் குத்தப்பட்ட முத்திரை.

அந்த முத்திரை கிடைக்காத பெண்களுக்கு என்ன ஆயிற்று? அதுவும் வானத்திலேயே எழுதியிருக்கிறது. மகாபாரதத்தின் வனபர்வத்துக் கதை இது. சப்தரிஷிகளின் மனைவியர் மீது அக்னி ஆசைப்படுகிறான். அக்னி மீது ஆசைப்பட்ட சுவாகா, ஆறு ரிஷிபத்தினிகளின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்து அவனைச் சேர்கிறாள். அருந்ததியின் உருவத்தை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை. ஆறு பெண்களும் எந்தத் தவறும் செய்யவில்லை. இருந்தும் ஊர் பேசியது, கணவர்கள் தள்ளிவைத்தார்கள். அவர்கள்தான் பிறகு கார்த்திகை விண்மீன்களாகிறார்கள், நாம் முருகனை வளர்த்த தாய்மார் என்று கொண்டாடும் அதே கார்த்திகைப் பெண்கள். சந்தேகத்தின் பேரில் விலக்கப்பட்ட ஆறு பேர் வானத்தின் வேறொரு மூலையில் கூட்டமாக நிற்கிறார்கள். தேர்வில் தேறிய ஒருத்தி கணவன் பக்கத்தில் நிற்கிறாள். மணமேடையிலிருந்து நமக்குக் காட்டப்படுவது அந்த ஒருத்தி மட்டும். ஆறு பேரைக் காட்டினால் நாம் கேள்வி கேட்போம்.

அருந்ததியின் பெயரில் இன்னொரு கணக்கும் தீர்க்கப்படாமல் இருக்கிறது. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம், தாழ்ந்த பிறப்பினளான அக்ஷமாலை வசிஷ்டரை மணந்ததால் மதிப்புப் பெற்றாள் என்கிறது. அக்ஷமாலை என்பது அருந்ததியின் இன்னொரு பெயர் என்பது மரபு. இதே பெயரைத் தாங்கிய அருந்ததியர் சமூகத்தை இந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு வேலைக்குள் அடைத்துவைத்தது. 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு என்ற சிறு கதவு திறக்கவே 2009 ஆக வேண்டியிருந்தது. அந்த மண்டபத்திலேயே பாருங்கள். வாசலில் நின்று அருந்ததி தெரிகிறாள் என்கிறார்கள். பின்கட்டில் எச்சில் இலை அள்ளும் பெண் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் பெண்ணின் மகள் இதே வீட்டு மருமகளாக வர முடியுமா என்று கேட்டால் வானத்திலிருந்து இறங்கிவிடுவார்கள்.

இப்போது புதிதாக ஒரு பூச்சு வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும். "மற்ற இரட்டை விண்மீன்களில் ஒன்று நிற்கும், மற்றது சுற்றும். வசிஷ்டரும் அருந்ததியும் மட்டுமே ஒன்றையொன்று சுற்றுகிறார்கள். கணவனும் மனைவியும் சமம் என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்." இதை அனுப்புகிறவர்களில் படித்தவர்களும் உண்டு. இது தவறு. எந்த இரட்டை விண்மீனிலும் ஒன்று நின்று மற்றது சுற்றுவதில்லை. இரண்டுமே பொதுவான நிறைமையத்தைத்தான் சுற்றும். அருந்ததியும் வசிஷ்டரும் ஈர்ப்பால் பிணைந்தவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு சுற்று முடிய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். வெறுங்கண்ணால் அதைப் பார்த்தவர் யாருமில்லை. சமத்துவம் தெரிந்த முன்னோர் சொத்துரிமையில் அதை எழுதியிருக்கலாமே. 1989இல் தமிழ்நாடு சட்டம் போடும்வரை பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு இல்லையே.

உண்மையான கதை இந்தப் பூச்சைவிட எவ்வளவோ சுவையானது. வசிஷ்டர் என்று நாம் சொல்லும் விண்மீனுக்கு வானியலில் மிசார் என்று பெயர், அருந்ததிக்கு அல்கோர். நம்மிடமிருந்து சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. 1617இல் இத்தாலியில் கலிலியோவும் அவருடைய மாணவர் காஸ்டெல்லியும் தொலைநோக்கியில் பார்த்தபோது மிசாரே இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. அந்த இரண்டும் ஒவ்வொன்றும் இரண்டு என்பது பிறகு வந்த நிறமாலை ஆய்வுகளில் தெரிந்தது. 2009இல் அல்கோருக்கும் மங்கலான ஒரு துணை இருப்பது கண்டறியப்பட்டது. ஆக மொத்தம் ஆறு விண்மீன்கள். ஏகபத்தினி விரதத்துக்கும் கற்புக்கும் சாட்சியாக நிறுத்தப்பட்ட இடத்தில் ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கிறது! விண்மீனுக்குக் கற்பும் இல்லை, களவும் இல்லை. ஏற்றியவர்கள் மனிதர்கள்.

மிசாரின் நிறமாலையைப் படித்தவர்களில் ஒரு பெண் முக்கியமானவர். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் பெண்கள் 'கணிப்பாளர்கள்' என்ற பெயரில் வேலை பார்த்தார்கள். மணிக்கு 25 சென்ட் என்ற அளவில் கூலி. ஆண்கள் இரவில் தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தகடுகளைப் பெண்கள் பகலில் உருப்பெருக்கி வைத்துப் படிக்க வேண்டும். மிசாரின் முதன்மை விண்மீனில் ஒரு கோடு சில நாள்களில் இரண்டாகப் பிரிவதை இயக்குநர் பிக்கரிங் கவனித்து 1889இல் அறிவித்தார். தொலைநோக்கியிலும் பிரித்துப் பார்க்க முடியாத இரட்டையை நிறமாலையால் கண்டுபிடித்தது அதுவே முதல்முறை. அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கோடு பிரிந்து சேரும் கால ஒழுங்கைத் தேடியவர் அந்தோனியா மோரி. அதே ஆண்டில் இத்தகைய இரண்டாவது இரட்டையைக் கண்டுபிடித்தவரும் அவரே. பிக்கரிங்கின் அறிக்கை அவரை ஆய்வுக்கு நிதி தந்த டிரேப்பர் குடும்பத்தின் உறவுப்பெண் என்று சொல்லி அறிமுகப்படுத்தியது. மோரி அதோடு அடங்கவில்லை. வேலை என்னுடையது, பெயரும் என்னுடையதாக வர வேண்டும் என்று போராடினார். 1897இல் வந்த விண்மீன் பட்டியலின் முகப்பில் அவர் பெயர் இருந்தது. அருந்ததியின் அண்டையில் உண்மையாகவே எதையாவது பார்த்த பெண்ணை நம் மகள்களுக்குக் காட்டுவதென்றால் இவரைக் காட்டலாம்.

ஹார்வர்டில் பெண்களுக்குக் கொடுக்கப்படாத இரவு, இங்கே நமக்கும் எளிதில் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்ணைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையைப் பாதுகாப்பு நிபந்தனைகளுடன் நீக்கியது. அது நம் உரிமை, விட்டுக்கொடுக்கக் கூடாதது. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் மாவட்டத்தின் மற்றத் தொழிற்பேட்டைகளிலும் நைட் ஷிப்ட் பார்க்கும் பெண்ணைக் கேளுங்கள். விடுதியிலிருந்து கம்பெனி பஸ், பஸ்ஸிலிருந்து ஷெட், ஷெட்டிலிருந்து மறுபடி பஸ். இரவு முழுக்க விழித்திருப்பவள் இரவை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்ப்பதில்லை. அப்படியே பார்த்தாலும் உருக்காலைப் புகையும் சோடியம் விளக்கும் மூடிய வானத்தில் அருந்ததி போன்ற மங்கலான விண்மீன் தெரியாது. உழைப்பதற்கு இரவைத் திறந்தவர்கள் பார்ப்பதற்குத் திறக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமெல்லாம் மாடியில் கூட்டம் நிற்கும். பெண்களும் நிற்பார்கள். தென்காசி மாவட்டத்துப் பெண்ணான நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்-1 2023 செப்டம்பரில் அங்கிருந்துதான் பறந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் பெருமை. இன்னொரு நாள், இரவு பத்து மணிக்கு அதே மாடிக்கு அதே வீட்டுப் பெண் தனியாக ஏறினால் "இந்நேரத்துல அங்க என்ன வேலை? போன்ல யாரு?" என்ற கேள்வி படியிலேயே வந்து நிற்கும். பகலில் பார் என்று கட்டளையிட்ட விண்மீனை இரவில் பார்க்கப் போனால் ஒழுக்கம் கெட்டுவிடுமாம்.

அரபு நாட்டில் இதே சிறு விண்மீனைக் கண்பார்வையைச் சோதிக்கப் பயன்படுத்தினார்கள். பெரியதன் அருகில் சிறியது தனியாகத் தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரே விண்மீன்தான். அங்கே கண்ணுக்குச் சோதனை, இங்கே பெண்ணுக்குச் சோதனை. நாமும் அதைக் கண்ணுக்கு உரியதாக மாற்றிக்கொள்வோம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வடக்கே பாருங்கள். ஏழு விண்மீன்கள் கரண்டி வடிவில் இருக்கும். கரண்டிக் காம்பின் நடு விண்மீன் மிசார். அதை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி, அல்கோர். ஊர் விளக்கு குறைந்த இடம் வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கரை போதும். இரண்டு பேர், நான்கு பேர் சேர்ந்து போங்கள். மகளைக் கூட்டிப் போங்கள், மாமியாரையும் கூப்பிடுங்கள். அறுபது வயதுவரை அவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார், தன் கல்யாணத்தில் பார்த்தேன் என்று சொன்னதைத் தவிர.

கல்யாணம் நடக்கவிருக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அருந்ததி பார்க்காவிட்டால் திருமணம் செல்லாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி, புரோகிதரும் அக்னியும் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் முழுமையாகச் செல்லும். அந்த வழியை எடுக்க வீட்டில் விடமாட்டார்கள் என்றால், மண்டப வாசலில் இந்தச் சிறிய காரியத்தையாவது செய்யுங்கள். விரல் உயரும், கேள்வி வரும். அண்ணாந்து நன்றாகப் பாருங்கள், உங்கள் கண்ணை நம்புங்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "தெரியலைங்க" என்று சொல்லுங்கள்.