திவாலான கம்பெனியின் பெரிய விமானத்தை வாங்கலாமா? ஜெட் ஏர்வேஸ் 777-களுக்கு என்ன ஆச்சு?

எப்போதும்வென்றான், கோவில்பட்டி பக்கம் பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகவே தெரியும். தவணை கட்டாததால் பைனான்ஸ்காரர் தூக்கி வந்த வண்டி என்றால் விலை சல்லிசாக இருக்கும். ஆனால் ஆர்.சி. புக்கில் ஹைப்போதிகேஷன் நீக்கியாச்சா, என்.ஓ.சி. கையில் இருக்கா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தால், கரிசலில் கோடை உழவு முடியும்வரை வண்டி யார்டிலேயே நிற்கும்.

பல நூறு கோடி ரூபாய் விமானத்திலும் இதே கதைதான். மூடிய நிறுவனத்தின் பெரிய விமானங்களை இன்னொரு நிறுவனம் எடுக்கலாமா என்ற கேள்வி இந்தியாவில் பலமுறை வந்திருக்கிறது. அதில் பெரிய கேஸ், ஜெட் ஏர்வேஸ்.

2019-ல் நடந்தது என்ன?

2019 ஏப்ரல் 17 இரவு, அமிர்தசரஸில் இருந்து மும்பைக்கு வந்ததுதான் ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம். சுமார் 20 ஆயிரம் பேரின் வேலை கேள்விக்குறியானது. அந்த வாரமே ஏர் இந்தியாவின் அன்றைய தலைவர் அஷ்வனி லோஹானி, ஜெட்டுக்குக் கடன் கொடுத்த வங்கிகளுக்குத் தலைமை தாங்கிய ஸ்டேட் வங்கிக்குக் கடிதம் எழுதினார். சும்மா நிற்கும் ஐந்து போயிங் 777-களை குத்தகைக்குத் தந்தால், லண்டன், துபாய், சிங்கப்பூருக்கு ஓட்டலாம் என்பது அவர் யோசனை.

யோசனையில் தப்பு சொல்ல முடியாது. ஏர் இந்தியாவிடம் ஏற்கெனவே 777-300 இஆர் ரகம் இருந்தது. அந்த ரகத்துக்கு ஜிஇ90 என்ற ஒரே வகை இன்ஜின்தான். பைலட், மெக்கானிக், உதிரிபாகம் என எதையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. இதுவே ஜெட்டிடம் இருந்த ஏர்பஸ் ஏ330-ஆக இருந்தால் கதை வேறு. அந்த ரகம் அப்போது ஏர் இந்தியாவிடம் கிடையாது. பைலட் பயிற்சியில் இருந்து எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கணும்.

ஆனாலும் அந்த குத்தகை நடக்கவே இல்லை.

சின்ன விமானம் போச்சு, பெரிய விமானம் ஏன் போகலை?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஜெட் ஓட்டிய போயிங் 737-களில் பெரும்பாலானவை வாடகை வண்டிகள். நிஜ உரிமையாளர்கள் வெளிநாட்டு குத்தகை நிறுவனங்கள். ஜெட் நின்றதும் அவர்கள் விமானத்தைத் திரும்ப எடுத்து, அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்பைஸ்ஜெட் சில வாரங்களிலேயே அவற்றை வரிசையாக எடுத்துப் பறக்கவிட்டது. ஏ320 ஓட்டிய விஸ்தாராகூட சில 737-களை எடுத்து, சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

777-களின் நிலைமை அப்படி இல்லை. அவை கடன் வாங்கி ஜெட் தன் பெயரில் சேர்த்த சொத்து. அதனால் வங்கிகளும் மற்ற கடன்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் உரிமை கேட்டார்கள். ஏப்ரல் 10-ம் தேதியே, பாக்கி தரவில்லை என்று ஒரு சரக்கு சேவை நிறுவனம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு 777-ஐ பிடித்து வைத்துவிட்டது. ஜூனில் வழக்கு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. திவால் சட்டப்படி அந்தக் கட்டத்தில் சொத்துகளில் யாரும் கை வைக்க முடியாது.

பின்னாளில், மும்பையில் நின்ற மூன்று 777-களை வாங்க மால்டாவைச் சேர்ந்த ஏஸ் ஏவியேஷன் முன்வந்தது. அதுவும் ஆண்டுக்கணக்கில் தீர்ப்பாயங்களில் இழுத்தது.

நின்னா என்ன ஆகும்?

விமானம் பறந்தால் தேய்வதைவிட, நின்றால் கெடுவது மோசம். மும்பை மாதிரி கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் அரிப்பு பிடிக்கும். இன்ஜினை மூடி, ஈரம் புகாமல் காக்கணும்; டயர்களை அவ்வப்போது உருட்டணும். சம்பளமே இல்லாத நிறுவனத்தில் இதை யார் செய்வது?

அதைவிட முக்கியம் காகிதம். இன்ஜினுக்குள் சுழலும் சில பாகங்களுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. இத்தனை தடவை பறந்ததும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். அந்தப் பாகம் தயாரான நாளில் இருந்து முழுப் பதிவும் இருக்கணும். நடுவில் ஒரு பக்கம் காணோம் என்றாலும் நல்ல பாகம்கூட பழைய இரும்பு மதிப்புக்கு வந்துவிடும். நிறுவனம் மூடி ஆட்கள் கலைந்துபோகும்போது முதலில் சிதறுவது இந்தப் பதிவுகள்தான்.

ஆக்ஸிஜன் விவகாரம்

வண்டி நல்ல நிலையில் இருந்தாலும் நம் ரூட்டுக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. 2022-ல் ஏர் இந்தியா ஐந்து 777-200 எல்ஆர் விமானங்களை குத்தகைக்கு எடுத்தது. அவை அமெரிக்காவின் டெல்டா ஓட்டியவை. டெல்டா திவாலான கம்பெனி அல்ல. கொரோனா காலத்தில் அந்த ரகத்தையே ஓரங்கட்டியது. (இதே ரகத்தில் ஐந்தை ஏர் இந்தியா சில ஆண்டுகளுக்கு முன்புதான் எதிஹாட்டுக்கு விற்றிருந்தது என்பது தனி வேடிக்கை.)

நீண்டதூர அமெரிக்க ரூட்டில், குத்தகைக்கு எடுத்த 777-களில் தேவையான அவசர ஆக்ஸிஜன் ஏற்பாடு இல்லை என்று முன்னாள் பைலட் ஒருவர் புகார் கொடுத்தார். 2024 ஜனவரியில் டிஜிசிஏ ஏர் இந்தியாவுக்கு ரூ.1.10 கோடி அபராதம் விதித்தது. அந்த உத்தரவை ஏற்கவில்லை என்றது ஏர் இந்தியா.

இது ஏன் முக்கியம்? கேபினில் காற்றழுத்தம் போனால் பைலட் சட்டென்று சுமார் 10 ஆயிரம் அடிக்கு இறங்குவார். அதுவரைக்கும்தான் தலைக்கு மேல் தொங்கும் மாஸ்க். கீழே கடல் என்றால் சில நிமிட ஆக்ஸிஜன் போதும். கீழே உயரமான மலைத்தொடர் என்றால் உடனே இறங்க முடியாது, கூடுதல் நேரத்துக்கு ஆக்ஸிஜன் வேணும். ஒருவருக்குப் போதுமான விமானம் இன்னொருவர் ரூட்டுக்குப் போதாது.

இண்டிகோ எடுத்த வழி

இண்டிகோ வேறு மாதிரி யோசித்தது. மும்பையில் இருந்து மான்செஸ்டர், ஆம்ஸ்டர்டாமுக்கு 2025 ஜூலையில் தொடங்கிய சேவைக்கு, நார்ஸ் அட்லாண்டிக் என்ற நார்வே நிறுவனத்தின் போயிங் 787-9 விமானங்களை பைலட்டோடு சேர்த்து குத்தகைக்கு எடுத்தது. நார்ஸிடம் அந்த விமானங்கள் எப்படி வந்தன? 2021-ல் நீண்டதூர சேவையை மொத்தமாக இழுத்து மூடிய நார்வீஜியன் ஓட்டியவை அவை. குத்தகை நிறுவனங்கள் திரும்ப எடுத்து நார்ஸுக்குக் கொடுத்தன. அதாவது, தோற்றுப்போன சேவையின் விமானத்தில்தான் இண்டிகோ பயணி ஐரோப்பா போகிறார். ஆனால் வில்லங்கம் எதுவும் இண்டிகோ தலையில் இல்லை. மணிக்கணக்கில் வாடகை அதிகம் என்பதுதான் அதற்கு விலை.

அப்போ வாங்கலாமா, கூடாதா?

விலைக்கு வாங்குவது பெரும்பாலும் வேண்டாத வேலை. ஏற்கெனவே அதே ரகம் ஓட்டும் நிறுவனம், பதிவுகள் முழுசாக இருந்து, உரிமை ஒரே கையில் இருந்தால், சில ஆண்டு குத்தகைக்கு எடுப்பது லாபம். புது விமானத்துக்கு வரிசை நீளம் என்பதால் அந்த ஆசை இப்போதைக்குக் குறையாது. இண்டிகோவின் ஏ350-கள் 2027-ல் இருந்துதான் வரும். போயிங் 777 எக்ஸ் முதல் டெலிவரியும் 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

சட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023-ல் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது குத்தகை நிறுவனங்கள் விமானத்தை எடுக்க முடியாமல் ஏறக்குறைய ஒரு வருடம் போராடின. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, 54 விமானங்களின் பதிவை ரத்து செய்யச் சொன்னது. 2025-ல் விமான உரிமையாளர்களின் உரிமையைக் காக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இனி மூடும் நிறுவனத்தின் விமானம் ஜெட் காலத்தைவிட சீக்கிரம் கை மாறலாம்.

மூடும் நிறுவனங்களுக்குப் பஞ்சமும் இல்லை. சென்னையின் என்இபிசி, மதுரைக்குப் பறந்த பாரமவுண்ட், கிங்ஃபிஷர், ஜெட், கோ ஃபர்ஸ்ட்... எப்போதும்வென்றான் என்று ஊருக்குப் பேர் வைக்கலாம், இந்த தொழிலில் ஒரு கம்பெனிக்கு வைப்பது கஷ்டம்.

ஜெட் ஏர்வேஸை கலைத்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7-ம் தேதி. கடைசி விமானம் தரையிறங்கி ஐந்தரை ஆண்டு கழித்து. மிச்சமிருக்கும் சொத்து என்ன விலைக்குப் போகிறதோ, அந்தப் பணத்தில்தான் வங்கிகளோடு சேர்ந்து முன்னாள் ஊழியர்களும் தங்கள் பாக்கியைக் கேட்டு நிற்கிறார்கள்.