இரண்டு சக்கரங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்



நோன்பு விடுமுறைக்கு முந்திய கிழமை, பாடசாலை விட்ட பிறகு ஆசிரியர்கள் நாங்கள் சிலர் ஓய்வறையில் இருந்து, ஆளுக்கொரு தாளில் வட்டம் வரைந்தோம். 'வாழ்க்கைச் சக்கரம்' என்பார்கள். போல் ஜே. மேயர் என்ற அமெரிக்கர் 1960களில் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது.

வேலை இலேசானது. வட்டத்தை எட்டாகப் பிரியுங்கள்: இபாதத், உடல்நலம், குடும்பம், தொழில், பணம், சமூகம், கற்றல், ஓய்வு. நடுப்புள்ளி 0, விளிம்பு 10. ஒவ்வொன்றிலும் எவ்வளவு திருப்தி என்று புள்ளி வைத்து, புள்ளிகளை இணையுங்கள். வருகின்ற வடிவத்தை வண்டியில் பூட்டினால் ஓடுமா?

எங்களில் அநேகருடையது ஓடாது. காலை 7.30க்குப் பாடசாலை, பின்னேரம் டியூஷன், மஃரிபுக்குப் பிறகு கூட்டம், இரவில் வட்ஸ்அப் குழு. தொழில் 8, சமூகம் 9, உடல்நலம் 3. பிரஷர் குளிசை போடுகிறவர்களும் சேர்ந்துதான் சிரித்தோம்.

அடுத்த நாள் சிரிப்பு நின்றது. எங்களில் ஒருவர் வீட்டில், "நீங்களும் ஒன்று வரைங்க" என்று மனைவியிடம் தாளைக் கொடுத்திருக்கிறார். அவரும் ஆசிரியைதான். ஓய்வு 1, கற்றல் 2. இவர் குடும்பத்துக்கு 8 போட்டிருந்தார். அதே குடும்பத்துக்கு அவர் போட்டது 4. இவர் கூட்டத்தில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளைகளின் பாடம், சமையல், சுகமில்லாத மாமி எல்லாம் அவர் தலையில். தன்னுடைய 9 எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் விளங்கியதாம். அவரது சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

இந்தக் கருவியின் பலவீனம் இதுதான். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிறவர் எவ்வளவு புள்ளி போடுவார் என்று ஆசிரியர்கள் எங்களுக்குத் தெரியாதா?

இன்னொன்று. குறைந்த புள்ளியெல்லாம் நம் குற்றமல்ல. 2022இல் சாமான் விலை ஏறிய வேகத்துக்குச் சம்பளம் ஏறவில்லை. பணத்துக்கு 3 போட்டவர் சோம்பேறியல்ல. ஓய்வுக்கு 1 போட்ட பெண்ணுக்கு நேர முகாமைத்துவம் தெரியாமலும் இல்லை.

இது நமக்குப் புதிய பாடமுமல்ல. ஸல்மான் அல்பாரிஸி (ரழி) அவர்கள் அபூதர்தா (ரழி) அவர்களின் வீட்டுக்குப் போன சம்பவம் புஹாரியில் வருகிறது. கணவர் பகலில் நோன்பு, இரவில் தொழுகை. ஸல்மான் (ரழி) அவர்கள் அவரைச் சாப்பிட வைத்தார்கள், உறங்க வைத்தார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டென்று உணர்த்தினார்கள். நபி (ஸல்) அவர்களும் அதை உண்மை என்றார்கள். கவனியுங்கள்: அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்பது முதலில் தெரிந்தது மனைவியின் கவனிப்பற்ற கோலத்தில்தான்.

சமூகப் பணியை விடச் சொல்லவில்லை. அந்தச் செலவை யார் கட்டுகிறார் என்று பாருங்கள் என்கிறோம்.

இன்றிரவு இரண்டு தாள் எடுங்கள். இருவரும் தனித்தனியே வரையுங்கள். பிறகு பக்கத்தில் வையுங்கள். விவாதிக்க வேண்டாம், கேளுங்கள். எட்டையும் 10 ஆக்க நினைக்காமல், மிகக் குறைந்த ஒன்றுக்கு ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். திகதி போட்டு வைத்து, அடுத்த மாதம் மீண்டும் வரையுங்கள்.

எங்கள் நண்பர் இப்போது கிழமையில் இரண்டு நாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டில். பிள்ளைகளின் பாடம் அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டோம்.

"தூங்குறா" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ்.