கணக்கு டியூஷனில் கேட்கப்படாத கேள்வி

பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தர ஒருவரைத் தேடும் பெற்றோர் இந்நாட்டில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் நான்கு. மாதக் கட்டணம் எவ்வளவு? வாரத்தில் எத்தனை நாள்? அவரிடம் படித்தவர்கள் சென்ற ஆண்டு எவ்வளவு மதிப்பெண் வாங்கினார்கள்? தேர்வுக்கு முன் பாடம் முழுவதையும் முடித்துவிடுவாரா? ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு. பிள்ளை தவறான விடை எழுதும்போது அந்த ஆசிரியர் என்ன செய்வார்? இதை எவரும் கேட்பதில்லை. தனிப்பயிற்சியால் பிள்ளைக்கு நன்மையா தீமையா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஐந்தாவது கேள்விதான்.

இது ஏதோ சில நகர்ப்புறக் குடும்பங்களின் கவலை என்று ஒதுக்க இயலாது. ‘பிரதம்’ அமைப்பின் முன்முயற்சியில் வெளிவரும் ‘அசர்’ அறிக்கையின்படி, ஊரக இந்தியாவில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளில் கட்டணம் செலுத்தித் தனிப்பயிற்சி பெறுவோர் 2018இல் 26.4 விழுக்காடு, 2022இல் 30.5 விழுக்காடு. பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் இது 70 விழுக்காட்டைத் தாண்டியது. அதே அறிக்கை, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 2022இல் ஐந்தாம் வகுப்பில் 25.6 விழுக்காடு, எட்டாம் வகுப்பில் 44.7 விழுக்காடு என்கிறது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று இவ்வெண்களைக் கொண்டு வாதிட முடியாது. ஆனால் டியூஷனுக்கு அனுப்பிவிட்டதாலேயே கணக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இவற்றில் இடமில்லை.

ஒரு தவறான விடையை எடுத்துக்கொள்ளலாம். ½ + ⅓ = ⅖ என்று ஒரு பிள்ளை எழுதுகிறது; மேலே உள்ளவற்றைக் கூட்டி, கீழே உள்ளவற்றையும் கூட்டிவிட்டது. நாடு முழுவதும் ஆறாம் வகுப்பு நோட்டுகளில் காணக்கூடிய பிழை இது. ஓர் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு எடுக்கும் முறையைப் பத்து முறை எழுதச் சொல்வார். இன்னொருவர், இதுகூடத் தெரியாமல் எப்படி இந்த வகுப்புக்கு வந்தாய் என்பார். மூன்றாமவர், எப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

அந்தப் பிழைக்குள் ஒரு தர்க்கம் இருப்பதை மூன்றாமவர் அறிவார். முதல் 2 எறிதலில் ஒரு முறையும் அடுத்த 3 எறிதலில் ஒரு முறையும் ஸ்டம்பை வீழ்த்திய சிறுவன், மொத்தம் 5 எறிதலில் 2 முறை வீழ்த்தியிருக்கிறான். பிள்ளை எழுதியது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. எனவே அவர் விதியைச் சொல்லமாட்டார்; ஒரு ரொட்டியை எடுத்துவைப்பார். பாதி ரொட்டி இருக்கிறது, அதோடு மூன்றில் ஒரு பங்கும் சேர்கிறது; மொத்தம் பாதியைவிடக் குறைவாக எப்படி ஆயிற்று? ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு என்பதைப் பிள்ளை தானே கண்டறியும் அந்தக் கணத்தில் பிழை திருந்துகிறது. அதோடு, தன் விடையைத் தானே சோதிக்க முடியும் என்ற அறிவும் கிடைக்கிறது. பத்து முறை எழுதியவனுக்கு விதி கிடைக்கும். அதை மறந்துவிட்டால் மீண்டும் பிறர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

‘ஆதரவான ஆசிரியர்’ என்ற சொல்லுக்கு இதுவே பொருள். ஆனால் டியூஷன் சந்தையில் அச்சொல் இனிமையாகப் பேசுபவர், திட்டாதவர் என்று சுருங்கிவிட்டது. திட்டாமல் இருப்பது குறைந்தபட்ச ஒழுக்கம். அதைத் தகுதியாகக் கொண்டாட வேண்டியதில்லை. மெல்லிய குரலில் பேசியபடியே பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தானே செய்துமுடிக்கும் ஆசிரியரும் கெடுதலே செய்கிறார். பிள்ளை யோசிக்கத் தொடங்கிய அரை நிமிடத்துக்குள் அடுத்த படியைச் சொல்லிவிடுபவர், உன்னால் முடியாது என்பதை அன்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கணக்கைப் படமெடுத்தால் படிப்படியாக விடை தரும் கைபேசிச் செயலி அதே வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது.

நல்ல ஆசிரியரைச் சந்தை ஏன் நிலைக்கவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளையின் சிக்கல் பல வேளைகளில் ஐந்தாம் வகுப்புப் பின்னங்களில் இருக்கிறது. அதைக் கண்டுகொண்ட ஆசிரியர் ஒரு மாதம் பின்னோக்கிச் செல்ல விரும்புவார். பள்ளியோ முன்னோக்கி ஓடுகிறது. அடுத்த வாரம் தேர்வு. ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் பாடம் நடத்துவதா என்று வீட்டில் கேள்வி எழுகிறது. இரண்டாம் மாதம் அவர் நிறுத்தப்படுகிறார். முக்கிய வினாக்களைக் குறித்துத் தருபவர் வருகிறார். மதிப்பெண் சற்றே ஏறுகிறது, அடித்தளம் அப்படியே கிடக்கிறது. சிபிஎஸ்இ 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என இரு வினாத்தாள்களை வைத்திருக்கிறது. எதை எழுதுவது என்று முடிவு செய்யும் வேளையில், பதினைந்து வயதுப் பிள்ளை ‘எனக்குக் கணக்கு வராது’ என்று தன்னைப் பற்றியே தீர்ப்பெழுதிவிடுகிறது. அத்தீர்ப்பின் பின்னால் யாரும் விசாரிக்காத பழைய பிழைகள் கிடக்கின்றன.

‘கணக்கு வராது’ என்பதே பெரும்பாலும் பொய். 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோரின் ஆய்வு, கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றியது. பல பொருள்களின் விலையை மனத்தாலேயே பெருக்கிக் கூட்டிச் சரியான மீதியைத் தந்த சிறுவர்கள், பள்ளிப் பாணியில் எழுதித் தரப்பட்ட எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளிக் கணக்கில் தேறிய, சந்தை அனுபவமில்லாத பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரு சாராரிடமும் கணக்கு இருக்கிறது. இடையில் பாலம் இல்லை.

அப்பாலத்தைக் கட்டப் பெரிய பட்டம் வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. மும்பையிலும் வதோதராவிலும் நடந்த ‘பால்சகி’ திட்டத்தில், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள், பின்தங்கிய மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறு குழுக்களாக நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பித்தனர். பாடத்திட்டம் எங்கே நிற்கிறது என்று பாராமல் அடிப்படைத் திறன்களிலிருந்து தொடங்கினர். பிள்ளைகளின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. பதினோராம் வகுப்பு நுண்கணிதத்துக்கு ஆழ்ந்த பாட அறிவு கட்டாயம் வேண்டும். கீழ் வகுப்புகளில் முதல் தகுதி, பிள்ளை நிற்கும் இடத்தைக் காணும் கண். அரசின் பார்வை வேறு பக்கம் இருக்கிறது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பயிற்றுநருக்குப் பட்டம் வேண்டும் என்கின்றன. ஆனால் அவை 50 பேருக்கு மேற்பட்டோர் படிக்கும் பயிற்சி மையங்களுக்கானவை. கூடத்தில் பாய் விரித்து ஐந்து பேருக்குக் கணக்கு நடத்துபவரைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை.

இனி கல்விப்புலத்தாரின் பங்கு. கருத்தரங்குகளில் டியூஷன் ஒரு நோய். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது என்று மேற்கோள் காட்டப்படும். பள்ளி சரியானால் டியூஷன் தேவைப்படாது என்பது உண்மையே. பள்ளி சரியாகும்வரை ஏழாம் வகுப்புப் பிள்ளை காத்திருக்க முடியாது என்பதும் உண்மை. அப்படிப் பேசுவோரின் வீட்டுப் பிள்ளைகள் மாலையில் எங்கே செல்கிறார்கள் என்பதை எவரும் கேட்பதில்லை. கணிதக் கல்வி குறித்து ஆர். இராமானுஜம் தலைமையிலான தேசியக் குழு 2006இல் வெளியிட்ட அறிக்கை, அச்சமும் தோல்வி உணர்வும் கணித வகுப்பறையின் முதன்மைச் சிக்கல்கள் என்று அன்றே சொன்னது. அது ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் நன்றாகவே வாழ்கிறது.

இதற்கிடையே தில்லியிலும் கொல்கத்தாவிலும் புணேயிலும் முதுகலைக் கணித மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் டியூஷன் எடுத்தே வாடகை கொடுக்கிறார்கள். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் அதுவே சோறு. குலக் கோட்பாட்டில் தேர்வெழுதியவருக்கு, ½ + ⅓ = ⅖ என்று எழுதிய பிள்ளையிடம் என்ன கேட்பது என்று எந்தத் தாளும் கற்றுத்தருவதில்லை. தம் மாணவர்கள் எதைச் செய்து பிழைக்கிறார்களோ அதைப் பற்றித் துறைகள் பேசாமலிருப்பதற்கு ஒரே காரணம், அது மதிப்புக் குறைந்த வேலை என்ற எண்ணம். முதுகலைக் கணிதத்தில் பிள்ளைகளின் பிழைகளைப் படிப்பதற்கு ஒரு தாள் வரட்டும். அதன் செய்முறைப் பகுதி அருகிலுள்ள அரசுப் பள்ளியில், மேற்பார்வையோடு, ஊதியத்தோடு நடக்கட்டும். கட்டணம் கொடுக்க இயலாத பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடைக்க இதைவிட நேரான வழி இல்லை.

பெற்றோர் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இலவச முதல் வகுப்பில் ஆசிரியர் தம் திறமையைக் காட்டுவதே வழக்கம். அதை மாற்றி, பிள்ளை தவறாகச் செய்த ஒரு கணக்கை அவர் முன் வைக்கலாம். அவர் முதலில் பேனாவை எடுக்கிறாரா, கேள்வி கேட்கிறாரா என்பதைப் பார்த்தால் போதும். ஒரு மாதம் கழித்து மதிப்பெண்ணைக் கேட்கும் முன் நோட்டைத் திறந்து பார்க்கலாம். அதில் பிள்ளையின் கையெழுத்து அதிகமா, ஆசிரியரின் கையெழுத்து அதிகமா? அடித்துத் திருத்திய இடங்கள் இருக்கின்றனவா? ஒரு பிழையும் இல்லாத நோட்டு கண்டால் மகிழ வேண்டாம். அந்த வீட்டில் கணக்குப் போடுவது யார் என்று விசாரிக்க வேண்டும்.