பிள்ளையின் கண்ணுக்கு எட்டாத பலகை

மின்கம்பத்தில் தொங்கும் மண்டையோட்டுப் பலகையை நாள்தோறும் பார்க்கிறீர்கள். மண்டையோடும் எலும்பும் வரைந்து, ஜில்லாவின் பாஷையிலும் எழுதி மாட்ட வேண்டும் என்று 1956ஆம் வருஷத்து மின்சார விதிகளே சொல்லின. நமக்கு அதன் அர்த்தம் தெரியும். ஆலையில் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி சொல்லிவிடுவார். ஆனால், நம் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளைக்கு?

இதே கேள்வி அமெரிக்காவில், எஃகு ஆலைகளுக்குப் பேர்போன பிட்ஸ்பர்க் நகரில், 1971இல் எழுந்தது. மண்டையோட்டைக் கண்டால் அங்குள்ள பிள்ளைகளுக்குக் கடற்கொள்ளைக்காரன் கதைதான் ஞாபகம் வரும். அந்த ஊர் பேஸ்பால் கோஷ்டியின் பெயரே 'பைரேட்ஸ்', அதாவது கடற்கொள்ளைக்காரர்கள்! அந்தப் படத்தை விஷப் புட்டியில் ஒட்டினால் பிள்ளை எப்படிப் பயப்படும்? ரிச்சர்ட் மோரியார்டி என்ற குழந்தை வைத்தியர் பல படங்களைப் பிள்ளைகளிடமே காட்டிக் கேட்டார். முகஞ்சுளித்து நாக்கை நீட்டும் பச்சை முகம்தான் தங்களுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். அதையே அச்சடித்தார்கள். நல்ல முறைதான். ஆனால் பிற்பாடு சோதித்தபோது, மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுசுகளை அந்த முகமும் தடுக்கவில்லை. அவர்களுக்குத் திறக்க முடியாத மூடியும் எட்டாத அலமாரியுமே வேண்டியிருந்தன.

இப்போது நம் பள்ளிக்கூடங்களுக்கு வருவோம். எத்தனையோ பள்ளிகளில் "அனுமதியின்றி உள்ளே பிரவேசிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஏழடி உயரத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். முதல் வகுப்புப் பிள்ளையின் உயரமோ நான்கடிகூட இல்லை. அது இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறது! இந்தப் பலகை யாருக்காக? பிள்ளைக்கா, சோதனைக்கு வரும் அதிகாரிக்கா?

பலகை செய்யும் முறை ஒன்றும் பரம ரகசியமல்ல. கூடாது என்பதற்குச் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும். எச்சரிக்கைக்கு மஞ்சள் முக்கோணம். தப்பும் வழிக்குப் பச்சைச் சதுரம். ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதனால் நிறத்தோடு வடிவமும் பேச வேண்டும். ஒரு பலகைக்கு ஒரு சேதி போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். தீப்பிடித்தால் புகை மேலே போய்க் கூரையடியில் சேர்ந்து பிறகுதான் கீழே இறங்கும். நிலைப்படிக்கு மேலே மாட்டிய பலகையைத்தான் அது முதலில் மறைக்கும். பிள்ளையின் கண்மட்டத்திலும் ஒன்று வேண்டும் என்பது அதனால்தான்.

புகை என்றதும் கும்பகோணம் நினைவுக்கு வராமல் போகுமா? 2004 ஜூலை 16. சமையற்கூடத்தில் பிடித்த தீ மேல்மாடிக் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் மாண்டார்கள். இறங்கக் குறுகலான படி. அந்த இடத்தில் எவ்வளவு அழகான பலகை இருந்திருந்தாலும் என்ன செய்திருக்கும்? வழியைத் திறந்து வைத்த பிறகுதான் வழிகாட்டும் அம்புக்குறிக்கு வேலை. பலகையை மாட்டிவிட்டுப் பின்கதவைப் பூட்டும் நிர்வாகத்தை நாம் ஒரு நாளும் விடக் கூடாது.

பலகையில் வரையும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதும் சின்ன சங்கதி அல்ல. இங்கிலாந்தில் சாலையோரப் பள்ளிக்கூட அடையாளத்தில் தொப்பி போட்ட பையன் ஒருவன் சிறுமியை அழைத்துப்போவான். பெரிய இடத்துப் பள்ளிக்கூடத்துப் பையன்! மார்கரெட் கால்வெர்ட் என்ற பெண்மணி அதை மாற்றி, தொப்பியைக் கழற்றிவிட்டு, சிறுமி முன்னே நடந்து சிறுவனைக் கூட்டிப்போவதாக வரைந்தார். 1965இல் புதிய சாலை அடையாளங்களோடு அதுவும் அமுலுக்கு வந்தது. எந்தப் பள்ளிப் பிள்ளையும் "இது நான்" என்று சொல்லலாம்.

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவன் அங்கே போய் என்ன பேசுவது என்று தயங்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளையையும் கையோடு கூட்டிப்போங்கள். ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நிறுத்தி, "இது என்ன சொல்லுது, கண்ணு?" என்று கேளுங்கள். அது விழித்தால், அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். பின்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அப்போதே கேட்டு, நோட்டில் எழுதச் செய்யுங்கள்.