இருவருக்கும் ஒரே கேள்வித்தாள்!

வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள் நான். தேர்தல் வந்து விட்டால், எங்கள் வீடு பட்டிமன்ற மேடையாகி விடும். கணவர் ஒரு கட்சி, மகன் எதிர்க்கட்சி. 'உனக்கென்னம்மா தெரியும் அரசியல்?' என்று, என் வாயை அடைப்பதில் மட்டும் இருவருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை!

கடந்த 2014 லோக்சபா தேர்தலையொட்டி, ஜனவரியில் ராகுலும், மே மாதம் மோடியும் ஒரே ஆங்கில சேனலில், ஒரே நிருபருக்கு நீண்ட பேட்டி கொடுத்தனர். அவர் பேசியது ஆங்கிலம். இவர் பேசியது இந்தி. மகனை தமிழில் சொல்லச் சொல்லி, டியூஷன் நோட்டில் நடுவே கோடு போட்டு, இருவர் பதிலையும் குறித்துக் கொண்டேன்.

ராகுலிடம், 1984 கலவரம், ஊழல் என்று பேச்சு நீண்டது; மோடியிடம், பாகிஸ்தான், வங்கதேச ஊடுருவல் என்று நீண்டது. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, யார் முதல் மார்க் என்று எப்படிச் சொல்வது?

'பெண்களுக்கு அதிகாரம்' என்று ராகுல் பலமுறை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், 1996ல் லோக்சபாவுக்கு வந்த மகளிர் இட ஒதுக்கீடு மசோதா, 2010ல் ராஜ்யசபாவில் நிறைவேறியும், அப்போது கிடப்பில்தானே கிடந்தது? 'எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள்?' என்று இருவரிடமும் விடாப்பிடியாகக் கேட்டிருக்க வேண்டாமா? 2023ல் சட்டமாக்கிய போதும், மக்கள்தொகை கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை முடிந்த பிறகே அமல் என்று நிபந்தனை போட்டனர்.

2019 தேர்தல் நேரத்தில், நடிகர் அக்ஷய் குமார், 'மாம்பழம் சாப்பிடுவீர்களா?' என்று பிரதமரிடம் கேட்டார். அரசியல் கலக்காத பேட்டி என்று முதலிலேயே சொல்லி விட்டனர், தப்பில்லை. ஆனால், ஓட்டுப் போட அது போதுமா? 2024 மே மாதம், ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரும், பத்திரிகையாளர் என்.ராமும், மோடியையும் ராகுலையும் ஒரே மேடைக்கு அழைத்தனர். ராகுல் சம்மதித்தார், விவாதம் நடக்கவே இல்லை.

மேடை கூட வேண்டாம். ஒரே பத்து கேள்விகள், ஒரே நேர அளவு, கூடவே தமிழாக்கம்... இது போதும். அதில் காஸ் விலை, ரேஷன், பிள்ளைகளின் வேலைவாய்ப்பு கட்டாயம் இருக்கட்டும்.

தோழியரே, அடுத்த முறை தலைவர்கள் பேட்டி வந்தால், 'அது ஆம்பளைங்க விஷயம்' என்று அடுப்படிக்குப் போய் விடாதீர்கள். நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். கணவர் சொன்ன சின்னத்துக்கே ஓட்டுப் போட்டு வந்த நான், அந்த 2014க்குப் பிறகுதான் முதன்முதலாக நானே யோசித்துப் போட்டேன். யாருக்கு என்று, வீட்டில் இன்று வரை மூச்சு விடவில்லை!

— ஒரு வாசகி, கும்பகோணம்.